நாற்பது நாள் சரி, ஐம்பது நாள்? திருவழிபாட்டு ஆண்டை வாழ்ந்து பார்க்க ஒரு முழு வழிகாட்டி

தவக்காலம் நாற்பது நாள் என்று நம் பங்குக் கோவில்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உயிர்ப்பு (ஈஸ்டர்) ஞாயிறில் தொடங்கும் உயிர்ப்புக் காலம் ஐம்பது நாள் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? கறி தின்னாமல், சினிமா பார்க்காமல், வெள்ளிதோறும் சிலுவைப்பாதைக்குப் போய், நாற்பது நாளை எப்படியோ இழுத்துப் பிடித்துவிடுகிறோம். உயிர்ப்பு ஞாயிறு மதியம் பிரியாணியோடு கணக்கு முடிந்துவிடுகிறது. திங்கட்கிழமை எழுந்திருப்பது பழைய ஆள்தான்.

இதை மாற்றிப் பார்க்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். திருவழிபாட்டு ஆண்டின், அதாவது திருச்சபை தன் வழிபாட்டுக்கு வகுத்திருக்கும் ஆண்டின், ஒவ்வொரு காலமும் நமக்கு ஒரு விஷயத்தைப் பழக்குகிறது. காத்திருப்பது, பெற்றுக்கொள்வது, விட்டுவிடுவது, அழுகிறவர்கள் பக்கத்தில் நிற்பது, மகிழ்ச்சியைத் தாங்குவது, பிறகு விசேஷம் எதுவும் இல்லாத நாட்களில் ஒழுங்காக நடப்பது. எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்யப் போனால் ஒன்றும் நடக்காது. ஒரு காலத்துக்கு ஒரே ஒரு பழக்கம் போதும். இவற்றில் மிகக் கடினமானது நோன்பு என்று பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் மகிழ்ச்சிதான்.

நான் கத்தோலிக்கப் பெயர்களைப் பயன்படுத்துகிறேன். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன் சபையினர் திருவருகைக் காலம் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரம்) என்பதை அட்வென்ட் என்றும், தவக்காலம் என்பதை லெந்து என்றும் மாற்றிப் படித்துக்கொள்ளலாம். முக்கியமான தேதிகள் நம் இரு தரப்புக்கும் ஒன்றுதான்.

முதல் படி: காலண்டரில் வண்ணம் தீட்டுங்கள்

மாதக் காலண்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு தொடங்குவது ஜனவரியில் இல்லை, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று. நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும் ஞாயிறு அது. 2026-இல் நவம்பர் 29.

மற்ற தேதிகள் உயிர்ப்பு ஞாயிறைச் சுற்றி நகரும். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறுதான் உயிர்ப்பு. அதனால் அது மார்ச் 22-க்கு முன்னால் வராது, ஏப்ரல் 25-ஐத் தாண்டாது. அங்கிருந்து 46 நாள் பின்னால் எண்ணினால் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன். இடையில் வரும் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் நாற்பது. முன்னால் ஏழு வாரம் போனால் தூய ஆவிப் பெருவிழா (பெந்தகோஸ்து). 2027-க்குக் கணக்குப் போட்டால் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 10, உயிர்ப்பு மார்ச் 28, தூய ஆவி மே 16.

இப்போது ஸ்கெட்ச் பேனாக்கள். திருவருகைக்கும் தவத்துக்கும் ஊதா. கிறிஸ்து பிறப்புக்கும் உயிர்ப்புக்கும் வெள்ளை (காலண்டரில் மஞ்சள் வைத்துக்கொள்ளுங்கள், வெள்ளைத் தாளில் வெள்ளை எடுபடாது). குருத்து ஞாயிறு, பெரிய வெள்ளி, தூய ஆவிப் பெருவிழா மூன்றுக்கும் சிவப்பு. மீதி எல்லாம் பச்சை. தீட்டி முடித்துவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். பாதிக்கு மேல் பச்சையாக இருக்கும். நாம் பேசுவது முழுக்க ஊதாவையும் வெள்ளையையும் பற்றி. நாம் வாழ்வது பெரும்பாலும் பச்சையில்.

ஞாயிறு நற்செய்தி வாசகங்களுக்கு மூன்றாண்டுச் சுழற்சி உண்டு. முதலாண்டு மத்தேயு, இரண்டாமாண்டு மாற்கு, மூன்றாமாண்டு லூக்கா. யோவான் இடையிடையே, குறிப்பாக உயிர்ப்புக் காலத்தில் வருவார். 2026 திருவருகைக் காலத்தில் தொடங்குவது மாற்கு ஆண்டு. நான்கு நற்செய்திகளில் சிறியது அதுதான், பதினாறே அதிகாரம். ஆண்டு தொடங்குமுன் ஒரு ஞாயிறு மதியம் உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசித்துவிடுங்கள். அப்புறம் வாரா வாரம் கோவிலில் துண்டு துண்டாகக் கேட்கும்போது எங்கே இருக்கிறோம் என்பது பிடிபடும்.

இன்றைக்கு எந்த வண்ணத்தில் இருக்கிறீர்களோ அங்கேயே தொடங்கலாம். நவம்பர் வரட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.

இரண்டாம் படி: ஓர் இடம், ஒரு நோட்டு

வீட்டில் ஓர் ஓரம், அதில் திருவிவிலியம், ஒரு மெழுகுவர்த்தி, 80 பக்க நோட்டு. நாளுக்குக் கால் மணி நேரம். காலையா இரவா என்பது வீட்டு நிலவரத்தைப் பொறுத்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வீட்டில் காலை ஏழு மணிக்குத் தியானம் என்று திட்டம் போடுவது வம்பை விலைக்கு வாங்குவது.

திருவருகைக் காலம்: காத்திருக்கப் பழகுதல்

ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லம் நடத்திய யோகான் ஹின்ரிச் விச்செர்ன் என்ற லுத்தரன் போதகர், 1839-இல் ஒரு வண்டிச் சக்கரத்தைக் கட்டித் தொங்கவிட்டார். கிறிஸ்துமஸ் எப்போது, எப்போது என்று பிள்ளைகள் தினமும் நச்சரித்தது ஒரு காரணம். ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்தி, மற்ற நாட்களுக்குச் சின்ன சிவப்பு மெழுகுவர்த்தி. நாளுக்கொன்றாக ஏற்றிக்கொண்டே வந்தார். இன்று பீடத்துக்கு அருகில் வைக்கும் நான்கு மெழுகுவர்த்தி வளையத்தின் தொடக்கம் அதுதான்.

வீட்டில் ஒரு எவர்சில்வர் தட்டு போதும். மூன்று ஊதா, ஒரு ரோஸ் நிறம். கிடைக்காவிட்டால் நான்கும் வெள்ளை. முதல் வாரம் ஒன்றை மட்டும் ஏற்றுங்கள். இரண்டாம் வாரம் இரண்டு. மூன்றாம் ஞாயிறு ரோஸ். மூன்று நாளில் பிள்ளைகள், "நாலையும் ஏத்தலாம்ப்பா" என்று கேட்பார்கள். ஏற்றாதீர்கள். ஏற்றாமல் விட்ட அந்த மூன்று திரிகள்தான் பாடம், நமக்கும் சேர்த்து.

நம் ஊர் டிசம்பரில் காத்திருக்க இடமே இல்லை. ஸ்டார் கட்ட வேண்டும், துணி எடுக்க வேண்டும், முறுக்கு சுட வேண்டும், கேரல்ஸ் வருகிறவர்களுக்காக இரவு பன்னிரண்டு மணிவரை விழித்திருக்க வேண்டும். இதையெல்லாம் விடச் சொல்லவில்லை. பழக்கம் ஒன்றே ஒன்று: நாளில் ஒருமுறை, எங்காவது காத்திருக்க நேரும்போது போனை எடுக்காமல் காத்திருங்கள். ரேஷன் கடை வரிசை, பஸ் நிறுத்தம், டாக்டர் அறை வாசல், எதுவானாலும் சரி. பக்கத்தில் நிற்பவர் யார் என்று பாருங்கள். மனதுக்குள் 'ஆண்டவரே வாரும்' என்று ஒருமுறை சொல்லுங்கள். அவ்வளவுதான்.

வாசிப்புக்கு எசாயா 40 முதல் 55 வரை. பதினாறு அதிகாரம், வாரத்துக்கு நான்கு. டிசம்பர் 1 முதல் 24 வரை நாளுக்கோர் அதிகாரமாக லூக்காவை வாசிக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது, கணக்கும் அழகாகச் சரிவரும். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. குழந்தை பிறப்பதற்கு முந்தின நாள் உயிர்ப்பை வாசித்து முடித்திருப்போம். நாடு இழந்து பாபிலோனில் கிடந்த மக்களுக்குச் சொன்ன ஆறுதல் வார்த்தைகள் காத்திருக்கும் மனதுக்கு இன்னும் நெருக்கமாக இருக்கின்றன.

கிறிஸ்து பிறப்புக் காலம்

இது குறுகிய காலம், ஆண்டவரின் திருமுழுக்கு விழாவோடு முடிந்துவிடும். ஆனால் அதன் அமைப்பைக் கவனியுங்கள். 25-ஆம் தேதி குடில், 26-ஆம் தேதி கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவான், 28-ஆம் தேதி ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகள். கேக் தீருவதற்குள் ரத்தம். இந்தக் குழந்தை எந்த உலகத்துக்குள் வந்தது என்பதைத் திருச்சபை மறைக்கவில்லை.

இந்தக் காலத்துக்கான பழக்கம்: விருந்தாளி வராத ஒரு வீட்டுக்குப் போவது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் முதியவர்கள், அந்த ஆண்டு துக்கம் நடந்ததால் ஸ்டார் கட்டாத வீடு. பலகாரத் தட்டைக் கொடுத்துவிட்டு வாசலிலிருந்தே திரும்பாதீர்கள். உட்காருங்கள், அவர்கள் தரும் காப்பியைக் குடியுங்கள். கொடுக்க மட்டும் தெரிந்தவர்களுக்குப் பெற்றுக்கொள்வது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

தவக்காலம்: விட்டுவிடுதல்

கத்தோலிக்கச் சட்டம் கேட்பது உண்மையில் குறைவு. திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி இரண்டு நாளும் ஒருசந்தி: ஒரு முழுச் சாப்பாடு, இன்னும் இரு வேளை கொஞ்சம். 18 வயது முதல் 59 வரை உள்ளவர்களுக்கு இது. 14 வயது முடிந்தவர்களுக்கு அன்று கறியும் இல்லை. மற்ற வெள்ளிக்கிழமைகளில் கறியை விடுவதோ, ஆயர் பேரவை அனுமதிக்கும் வேறு தவமுயற்சியோ. மீதியெல்லாம் நாமாக எடுத்துக்கொள்வது. சர்க்கரை மாத்திரை போடுபவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. அதைப் பக்திக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம்.

எதை விடுவது? ஒரே கேள்வி கேட்டுப் பாருங்கள்: எது இல்லாமல் போனால் எனக்கு எரிச்சல் வரும்? பதில் உடனே வரும். மூன்றாவது டீ, இரவு பதினொரு மணி போன், சீரியல், அலுவலகத்தில் மற்றவரைப் பற்றிய பேச்சு. அந்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு பட்டியல் போட்டால் இரண்டாம் வாரத்தில் எல்லாம் உதிர்ந்துவிடும்.

அப்புறம், விட்டதால் காலியான இடத்தைப் பாருங்கள். நேரம் மிஞ்சினால் அது செபத்துக்கு. பணம் மிஞ்சினால் அது ஒரு மனிதருக்கு. டீக்கு நாளுக்கு 15 ரூபாய் என்றால் நாற்பது நாளுக்கு 600 ரூபாய். அந்த 600 யாருக்குப் போகும் என்பதைத் திருநீற்றுப் புதனன்றே நோட்டில் எழுதிவிடுங்கள். மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் இயேசு தர்மம், செபம், நோன்பு மூன்றையும் ஒன்றாகத்தான் பேசுகிறார். தர்மம் சேராத நோன்பை டயட் என்று சொல்லிவிடலாம்.

இதில் யாரும் அதிகம் பேசாத விஷயம் ஒன்று. தவக்காலத்தில் கறி இல்லை என்பதற்காக வாழைப்பூ வடை, மூன்று பொரியல், அவியல், பாயசம் என்று சமைக்கச் சொல்லி, வீட்டுப் பெண்ணை அடுப்படியில் கூடுதலாக இரண்டு மணி நேரம் நிற்க வைத்தால் நோன்பிருப்பது யார்? வெள்ளிக்கிழமை கஞ்சியும் துவையலும் போதும். முடிந்தால் அன்றைக்குப் பாத்திரம் துலக்குவது உங்கள் வேலையாக இருக்கட்டும். எசாயா 58-ஐ அன்று வாசியுங்கள், கடவுள் விரும்பும் நோன்பு எது என்று அங்கே தெளிவாகவே இருக்கிறது.

நடுவில் தவறினால்? அடுத்த வேளையிலிருந்து தொடருங்கள். ஞாயிறு கணக்கில் வராது என்பதையும் மறக்க வேண்டாம். ஞாயிறன்று டீ குடிக்கலாம், குற்ற உணர்வில்லாமல் குடிக்கலாம். அதுவும் ஒரு பயிற்சிதான்.

புனித வாரம்: பக்கத்தில் நிற்பது

உயிர்ப்புக்கு முந்தைய இந்த வாரம் புதிதாக எதுவும் செய்ய வேண்டாம். போய் நில்லுங்கள், போதும். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்குப் போன எஜீரியா என்ற பெண் தன் பயணக் குறிப்புகளில் இந்த வாரத்தை விவரமாக எழுதியிருக்கிறார். ஒலிவ மலையிலிருந்து மக்கள் கிளைகளோடு இறங்கி வருகிறார்கள். வெள்ளியன்று திருச்சிலுவை மரத்தை ஒவ்வொருவராக வந்து முத்தமிடுகிறார்கள். சுற்றிலும் திருத்தொண்டர்கள் காவல் நிற்கிறார்கள். ஏன் காவல்? முன்பு யாரோ ஒருவர் முத்தமிடுவதுபோலக் குனிந்து, மரத்தில் ஒரு துண்டைக் கடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். பதினாறு நூற்றாண்டுக்கு முன்பும் கூட்டம் இப்படித்தான் இருந்திருக்கிறது.

குருத்து ஞாயிறன்று கொண்டுவரும் ஓலையில் சின்னச் சிலுவை முடைந்து படத்துக்குப் பின்னால் செருகி வையுங்கள். பச்சையாக இருக்கும்போதே முடைய வேண்டும், மறுநாள் காய்ந்தால் மடிப்பில் ஒடிந்துவிடும். ஓராண்டு அது அங்கேயே பழுப்பேறட்டும். அடுத்த தவக்காலத்துக்கு முன் கோவிலில் கேட்பார்கள். அதை எரித்த சாம்பல்தான் நெற்றிக்கு வரும்.

பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கைப் பார்த்துவிட்டு வந்து, அன்றிரவு வீட்டில் ஒருவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். தண்ணீர், துண்டு எல்லாம் வேண்டாம், வாயால் கேட்டால் போதும். நற்கருணை முன் இரவில் ஒரு மணி நேரம் இருங்கள். தூக்கம் வரும், சீடர்களுக்கும் வந்தது.

பெரிய வெள்ளியன்று கத்தோலிக்கக் கோவிலில் திருப்பலி கிடையாது. பீடம் வெறுமையாகக் கிடக்கும். சி.எஸ்.ஐ. ஆலயங்களில் நண்பகல் முதல் மூன்று மணிவரை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகள் மீது தியானம் நடக்கும். ஏழையும் உள்வாங்க முயன்றால் எதுவும் தங்காது. ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். அந்த ஆண்டு உங்கள் சொந்தத்திலோ தெருவிலோ யார் அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று யோசியுங்கள். 'ஏன் என்னைக் கைவிட்டீர்' என்று கேட்டுக்கொண்டிருப்பவர் ஒருவராவது எல்லோர் பழக்கத்திலும் இருப்பார். சனிக்கிழமை பகலில் அவருக்கு ஒரு போன் செய்யுங்கள். அறிவுரை சொல்லாதீர்கள்.

உயிர்ப்புக் காலம்: மகிழ்ச்சியைத் தாங்குதல்

முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம்.

சனி இரவு பாஸ்கா திருவிழிப்புக்குக் கட்டாயம் போங்கள், நேரம் அதிகமானாலும் பரவாயில்லை. இருட்டில் வெளியே தீ மூட்டி, ஒற்றைத் திரியிலிருந்து கை மாறிக் கை மாறி வெளிச்சம் கோவில் முழுக்கப் பரவும். நாற்பது நாள் பாடாமல் வைத்திருந்த அல்லேலூயா திரும்ப வரும். திருமுழுக்கு வாக்குறுதிகளை நம் வாயாலேயே சொல்வோம். ஆண்டின் உச்சம் இதுதான், கிறிஸ்துமஸ் நள்ளிரவுகூட இதற்கு அடுத்துத்தான்.

சரி, அப்புறம்? அப்புறம்தான் ஐம்பது நாள். நம் ஊரில் அது சுட்டெரிக்கும் ஏப்ரல், மே. பள்ளி விடுமுறை, கல்யாணங்கள், ஊருக்குப் போக்குவரத்து. நோன்புக்கு அட்டவணை போட்டவர்கள் மகிழ்ச்சிக்கு அட்டவணை போடுவதில்லை. மகிழ்ச்சி தானாக வரும் என்று நினைக்கிறோம். தானாக வருவது இரண்டு நாளில் தானாகப் போய்விடுகிறது. துக்கத்தில் நமக்குப் பழக்கம் அதிகம். நல்லது நடந்தால்கூடக் கண் பட்டுவிடும் என்று அடக்கி வாசிக்கிறவர்கள் நாம். அதனால் இந்தக் காலத்துக்கு மட்டும் ஒன்றுக்குப் பதில் இரண்டு பழக்கம் சொல்கிறேன்.

முதலாவது, நின்றுகொண்டு செபியுங்கள். 325-இல் ஆயர்கள் கூடிய நீசேயா பொதுச்சங்கத்தின் இருபதாவது விதி, ஞாயிறுகளிலும் உயிர்ப்புக்கும் பெந்தகோஸ்துக்கும் இடைப்பட்ட நாட்களிலும் முழங்காலில் நிற்காமல் நின்றே செபிக்க வேண்டும் என்கிறது. கல்லறையிலிருந்து எழுந்தவரோடு நாமும் எழுந்திருக்கிறோம் என்பதை உடம்பு காட்டட்டும் என்பதற்காக. கோவிலில் என்ன வழக்கமோ அதைப் பின்பற்றுங்கள். வீட்டு இரவுச் செபத்தை ஐம்பது நாளும் நின்றபடி, கையை விரித்துச் சொல்லிப் பாருங்கள். முதல் வாரம் நாடகம் மாதிரித் தோன்றும். கேட்பதையே செபம் என்று பழகிய வாய், நின்று கைவிரிக்கும்போது நன்றி சொல்லத் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தோடு தொடருங்கள். நோட்டில் தினம் ஒரு வரி எழுதுங்கள்: இன்று எது நன்றாக இருந்தது? 'எல்லாம்' என்று எழுதக் கூடாது. 'பக்கத்து வீட்டு நுங்கு' என்று எழுதலாம்.

இரண்டாவது, வாரம் ஒரு சாப்பாடு. உயிர்த்த இயேசு எப்போதெல்லாம் வருகிறார் என்று பாருங்கள். எம்மாவுவில் அப்பத்தைப் பிட்கும்போது அடையாளம் தெரிகிறது. எருசலேமில் சீடர்கள் பேய் என்று பயந்தபோது வேகவைத்த மீனை வாங்கித் தின்று காட்டுகிறார். திபேரியக் கடற்கரையில் கரியடுப்பில் மீனும் அப்பமும் தயாராக வைத்து, இராத்திரி முழுக்க வலை இழுத்தவர்களைக் காலைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார். மூன்று முறை மறுதலித்த பேதுருவிடமும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் பேச்சு. ஏழு வாரம், ஏழு சாப்பாடு. ஒவ்வொரு வாரமும் ஒருவரை வீட்டுக்கு அழையுங்கள். இட்லி சாம்பார் போதும். ஏழில் ஒருவராவது உங்களோடு பேச்சுவார்த்தை இல்லாதவராக இருந்தால் நல்லது.

வாசிப்புக்குத் திருத்தூதர் பணிகள், 28 அதிகாரம்.

துக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் காலம் பாரமாக இருக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு காலையில்தான் கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்தது. அங்கே உறவுகளை இழந்தவர்களிடம் போய் அல்லேலூயா பாடச் சொல்ல யாருக்கும் வாய் வராது. உயிர்ப்புக் கதைகளிலும் அப்படி யாரும் சொல்லவில்லை. மகதலா மரியா அழுதுகொண்டு நிற்கிறாள், சீடர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், தோமா நம்ப மறுக்கிறார். எட்டு நாள் கழித்து அவருக்காக இயேசு மறுபடி வருகிறார், காயங்களோடு வருகிறார். நின்று செபிக்க முடியாதவர்கள் உட்கார்ந்துகொள்ளட்டும். ஐம்பது நாள் நீளமாக இருப்பதில் அவர்களுக்கும் இடம் இருக்கிறது.

பொதுக்காலம்: பச்சை மாதங்கள்

தூய ஆவிப் பெருவிழாவுக்கு மறுநாள் தொடங்கி ஏறக்குறைய ஆறு மாதம். நடுவில் பங்குத் திருவிழா கொடியேற்றம், தேர், வேளாங்கண்ணிக்கு ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை கூட்டம், தெற்கே சி.எஸ்.ஐ. ஊர்களில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகை. இவை தவிர மற்ற நாட்களில் சுவாரசியம் குறைவுதான், குறைவாக இருப்பதே நல்லது.

இந்தக் காலத்துக்கு, இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் சொல்லிக்கொடுத்த ஆன்ம சோதனை நன்றாகப் பொருந்தும். இரவு படுக்குமுன் பத்து நிமிடம். முதலில் கடவுளுக்கு நன்றி. அடுத்து, இந்த நாளை உள்ளபடி பார்க்க வெளிச்சம் கேட்பது. மூன்றாவதாகக் காலையிலிருந்து மணி மணியாகத் திரும்பிப் பார்ப்பது: எங்கே மனம் லேசாக இருந்தது, எங்கே சுருங்கியது? நான்காவது, தவறியதற்கு மன்னிப்பு. கடைசியாக, நாளைக்கு ஒரு தீர்மானம். தீர்மானம் சின்னதாக, ஆள் பெயரோடு இருக்கட்டும். 'பொறுமையாக இருப்பேன்' என்றால் காலையில் மறந்துவிடும். 'நாளைக்கு மாமியார் பேசும்போது குறுக்கே பேச மாட்டேன்' என்றால் நினைவிருக்கும். எழுதுவது வாரம் ஒருமுறை போதும், சனி இரவு மூன்று வரி. கூடவே மறுநாள் ஞாயிறு நற்செய்தியை முன்கூட்டியே வாசித்துவிட்டால், பிரசங்கம் எப்படி இருந்தாலும் வெறுங்கையோடு திரும்ப மாட்டீர்கள்.

நவம்பர் வந்தால் கல்லறைத் திருநாள். 2-ஆம் தேதிக்கு முன்பே போய்ப் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடிக்கும் வேலையைக் கூலிக்கு விடாமல் நீங்களே செய்யுங்கள், பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். இறந்தவர்கள் பெயரை நோட்டில் எழுதி மாதம் முழுக்க நாளுக்கொருவரை நினைத்துக்கொள்ளலாம்.

கடைசி ஞாயிறு கிறிஸ்து அரசர் பெருவிழா. 1925-இல் திருத்தந்தை பதினோராம் பயஸ் ஏற்படுத்தியது. 2026-இல் அது நவம்பர் 22, அன்றைய நற்செய்தி மத்தேயு 25. அன்று மாலை நோட்டின் புதுப் பக்கத்தில் ஆறு வரி எழுதுங்கள்: பசியாக இருந்தவர், தாகமாக இருந்தவர், அந்நியர், ஆடையில்லாதவர், நோயாளி, சிறையில் இருந்தவர். ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்த ஆண்டில் நீங்கள் நேரில் பார்த்த ஒருவரின் பெயர். அமைப்புகளுக்கு அனுப்பிய காணிக்கை இதில் சேராது. இரண்டோ மூன்றோ வரி காலியாக இருக்கும். அவற்றில் ஒன்றை எடுத்து அடுத்த ஆண்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். ஊதா மெழுகுவர்த்தி வாங்க வேண்டுமானால் அதற்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.